ஸ்லைடிங் ஜன்னலில் தண்ணீர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

யு.பி.வி.சி. எனும் கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: ஜன்னல் ஓரத்தில் ஈரம். ஆனால் காரணம் ஒவ்வொரு வீட்டிலும் வேறு. அதனால் சில கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஜன்னல் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. மழை பெய்தால் கீழ் ட்ராக்கில் தண்ணீர் நிற்கிறது. காற்றோடு மழை அடித்தால் அந்தத் தண்ணீர் குமிழி விட்டுக் கொப்பளித்து, உள்பக்க விளிம்பைத் தாண்டி அறைக்குள் வழிகிறது. பார்க்க வந்தவர், "வெளியே இருக்கிற ஓட்டை வழியாகத்தான் ஏறுகிறது, சிலிக்கான் வைத்து அடைத்துவிடலாம்" என்கிறார். அடைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அந்த ஓட்டைகள் தண்ணீர் வெளியேறுவதற்காகவே வெட்டப்பட்டவை. மொட்டைமாடியில் தண்ணீர் நிற்கிறது என்று யாராவது வடிகுழாயை அடைப்பார்களா? அடைத்தால் அடுத்த மழைக்கு அத்தனை தண்ணீரும் உங்கள் அறைக்குள்தான் வரும்.

ஸ்லைடிங் ஜன்னலின் ஷட்டர் ரோலரில் ஓட வேண்டும். ஓட வேண்டுமென்றால் பிரேமுக்கும் ஷட்டருக்கும் நடுவே இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் பிரஷ் பட்டை இருக்கும். பிரஷ் காற்றையும் தூசியையும் மட்டுப்படுத்தும். தண்ணீரை முழுதாக நிறுத்தாது. ஆகவே மழையில் ட்ராக்குக்குத் தண்ணீர் வருவது கோளாறு அல்ல, எதிர்பார்த்ததுதான். வந்த தண்ணீர் எப்படிப் போகிறது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

அது போகும் வழி இப்படி. ட்ராக்கின் தரையில் சின்ன நீளத் துளை இருக்கும். அதன் வழியே தண்ணீர் பிரேமுக்குள் இருக்கும் வெற்று அறைக்கு இறங்கும். அங்கிருந்து வெளிமுகத்தில் உள்ள இன்னொரு துளை வழியாக வெளியே வடியும். உள்துளையும் வெளித்துளையும் நேருக்கு நேர் இருக்காது, வேண்டுமென்றே தள்ளி வைத்திருப்பார்கள். நேராக இருந்தால் காற்று அப்படியே பீறிட்டு உள்ளே வந்துவிடும். வெளித்துளை மேல் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குள் மெல்லிய நாக்கு ஒன்று தொங்கும். காற்று அடித்தால் நாக்கு சாத்திக்கொள்ளும், தண்ணீர் தள்ளினால் திறக்கும்.

முதலில் இந்த வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மழையும் காற்றும் இல்லாத நாளில் ஒருவரை வெளியே நிற்கவைத்துவிட்டு, ட்ராக்கில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சீராக வெளியே வழிந்தால் வழி சுத்தம். சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. வரவே இல்லையென்றால் முழு அடைப்பு, அல்லது துளையே போடாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டாவதும் நடக்கிற விஷயம்தான். முக்கியமாக, வலை ஷட்டரோடு சேர்த்து மூன்று ட்ராக் உள்ள ஜன்னலில், வெளி ட்ராக்குக்கு மட்டும் துளை வெட்டிவிட்டு, உள்ளே இருக்கும் ட்ராக்கை மறந்துவிடுவது உண்டு. அதனால் ஒவ்வொரு ட்ராக்கிலும் தனித்தனியாக ஊற்றிப் பாருங்கள். ஒன்றில் வடிந்ததை வைத்து எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அடைப்பு என்றால், சுத்தம் செய்வதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. சோதனைக்கு ஊற்றிய தண்ணீர் காயட்டும், அடைப்பைத் தள்ள மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த தூசி நனைந்ததும் சேறாகிக் குழைந்து, துளைக்குள் இறங்கி இறுகிக்கொள்ளும். முதலில் ஷட்டரை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு வாக்யூமாலோ காய்ந்த பிரஷ்ஷாலோ தூசியை எடுங்கள். பிறகு கேபிள் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றின் வாலைத் துளையில் விட்டு லேசாக முன்னும் பின்னும் அசையுங்கள். வெளியே வருவதைக் கவனித்துப் பார்த்தால் காரணமும் சேர்ந்தே தெரியும். சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி வந்தால் பிரஷ் பட்டை தேய்ந்து முடி உதிர்கிறது. பொடிப்பொடியாக மண் வந்தால் எறும்போ குளவியோ உள்ளே குடியிருக்கிறது. டை ஒரே இடத்தில் 'டொக்' என்று முட்டி நின்றால், அது பெரும்பாலும் பூச்சு வேலையின்போது உள்ளே போய்க் காய்ந்த சிமென்ட். வெளி மூடியைத் தட்டையான பிளாஸ்டிக் துண்டால் நெம்பி எடுத்துவிட்டுப் பார்த்தால், துளையை அடைத்துக்கொண்டு விரல் நகம் அளவில் ஒரு கட்டி உட்கார்ந்திருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுக்க வேண்டும். இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம். உள்ளே இருக்கும் மெல்லிய சுவர் ஓட்டையாகிவிட்டால் தண்ணீர் போகக் கூடாத அறைக்குப் போய்விடும். வண்டி கழுவும் பிரஷர் பம்பும் ஆகாது.

ஜன்னலுக்கு வெளியே, பிரேமின் அடியில் உள்ள திட்டையும் ஒரு பார்வை பாருங்கள். கல் பதித்தபோதோ சிமென்ட் சரிவு கொடுத்தபோதோ மட்டம் உயர்ந்து, வெளித்துளை பாதி புதைந்துபோன ஜன்னல்கள் நிறைய. துளை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வாய் புதைந்திருந்தால் என்ன பிரயோஜனம்? திட்டு துளைக்குக் கீழே தொடங்கி வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும்.

சரி, எல்லாம் சுத்தம், டம்ளர் தண்ணீர் நன்றாக வடிகிறது, இருந்தும் பெருங்காற்றில் மட்டும் பொங்குகிறது என்றால்? நீங்கள் எழுதிய குமிழிதான் அதற்கு விடை. காற்று ஜன்னலை நேராக அடிக்கும்போது வெளியே அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் வெளித்துளை வழியாகவும் உள்ளே தள்ளும். வடிய வேண்டிய தண்ணீர் அதை எதிர்த்து வெளியேற முடியாமல் ட்ராக்கிலேயே நிற்கும். காற்று அதனூடே புகுந்து குமிழி விடும். மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று நேராக மோதினால் சுமார் 6 மி.மீ. உயரத் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 72 கி.மீ. என்றால் சுமார் 25 மி.மீ. இப்போது ஒரு அளவுகோலை எடுத்து, உங்கள் ட்ராக்கின் தரையிலிருந்து அறைப்பக்க விளிம்பு எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். அந்த விளிம்புதான் உங்கள் அணை. அது 25 மி.மீ.தான் என்றால், புயல் காற்றில் தண்ணீர் தாண்டுவதில் ஆச்சரியம் இல்லை. காற்று ஓய்ந்ததும் தண்ணீர் தானாக மளமளவென்று இறங்கிவிட்டால், உங்கள் வடிகாலில் குறையே இல்லை.

இங்கேதான் அறைப்பக்க அடைப்பு முக்கியமாகிறது. காற்று உள்ளே புகுந்து ஓட இடம் இருந்தால்தான் தண்ணீரைத் தூக்கித் தெறிக்கும். ஷட்டரைச் சாத்திவிட்டுப் பூட்டாமல் விடுவது பலருடைய வழக்கம். பூட்டினால்தான் ஷட்டர் பிரேமுக்குள் முழுதாக உட்காரும், நடுவில் இரண்டு ஷட்டரும் கொக்கி மாதிரி கோத்துக்கொள்ளும் இடமும் இறுகும். அந்தக் கோர்ப்பு முடியும் இடத்தில், மேலேயும் கீழேயும் சின்னதாக ஒரு ரப்பர் அல்லது பிரஷ் கட்டை இருக்க வேண்டும். அது விழுந்துபோயிருந்தால் அங்கேதான் தண்ணீர் முதலில் பீச்சும். பிரஷ்ஷையும் சோதியுங்கள்: ஒரு தாளை ஷட்டருக்கும் பிரேமுக்கும் நடுவே வைத்துப் பூட்டி, இழுத்துப் பாருங்கள். எந்தப் பிடிப்பும் இல்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் பிரஷ் மாற்ற வேண்டும். ஷட்டர் ஒரு மூலையில் தாழ்ந்திருந்தால் ரோலர் திருகைத் திருப்பி மட்டத்துக்குக் கொண்டுவரலாம்.

இவ்வளவும் செய்தும் நிற்கவில்லை, வீடு உயரமான மாடியில் காற்றுக்கு எதிராக இருக்கிறது, விளிம்போ தாழ்வு என்றால், அந்த இடத்துக்கு அந்த ஜன்னல் பொருந்தவில்லை என்பதுதான் உண்மை. மேலே அகலமான சன்ஷேடு போடலாம். அல்லது ரப்பர் கேஸ்கெட்டின் மேல் அழுந்திச் சாத்திக்கொள்ளும், கீல் வைத்த ஜன்னலுக்கு மாறலாம். சிலிக்கான் குழாய் இதற்கு மருந்தே அல்ல.

கேள்வி: எங்கள் ஜன்னல் ட்ராக்கில் தண்ணீரே நிற்பதில்லை. ஆனால் ஜன்னலுக்குக் கீழே, வலது மூலையை ஒட்டிச் சுவர் ஊறிப் பெயின்ட் உரிகிறது. மழை நின்று மறுநாள்தான் ஈரம் தெரிகிறது.

மறுநாள் தெரிகிறது என்று எழுதினீர்களே, அது நல்ல தடயம். தண்ணீர் சுவருக்குள் மெதுவாகப் பயணம் செய்து வந்திருக்கிறது. ட்ராக்கில் நிற்கவில்லை என்பதும் சந்தேகத்துக்கு உரியதுதான். வெளியே வடிந்திருக்கலாம், கீழே சுவருக்குள்ளும் இறங்கியிருக்கலாம்.

சந்தேகப்பட மூன்று இடங்கள் உண்டு. பிரேமின் மூலையில் இரண்டு துண்டுகளைச் சூடாக்கி ஒட்டியிருக்கும் வெல்டிங் இணைப்பு மயிரிழை அளவு விரிந்திருக்கலாம். பிரேமைப் பொருத்தியபோது ட்ராக்கின் தரையிலேயே துளையிட்டுத் திருகு முடுக்கியிருக்கலாம். அந்தத் தலையைச் சுற்றி அடைக்காவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் அது சுவருக்குள் போகும் குழாய்தான். மூன்றாவது, பிரேமுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து.

முதல் இரண்டையும் சோதிக்க, ட்ராக்கில் உள்ள வடிதுளைகளை நல்ல டேப்பால் தற்காலிகமாக மூடுங்கள். விளிம்புக்கு நன்றாகக் கீழே இருக்கும்படி கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். 15, 20 நிமிடம் பொறுங்கள். கோடு அப்படியே நின்றால் ட்ராக் நல்ல ட்ராக். மட்டம் இறங்கினால் உடனே ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள், சுவருக்கு மேலும் தண்ணீர் ஊட்ட வேண்டாம். காய்ந்த பிறகு மூலையையும் திருகுத் தலைகளையும் சுத்தம் செய்து, அங்கே மட்டும் சீலன்ட் வையுங்கள். டேப்பை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

ட்ராக் தேறிவிட்டால் வெளியே வாருங்கள். ஹோஸ் பைப்பை மிதமாகத் திறந்து, கீழிருந்து மேலாக நனைக்க வேண்டும்: முதலில் திட்டு, அப்புறம் பக்கவாட்டுச் சந்து, கடைசியில் மேல் ஓரமும் அதற்கு மேலே உள்ள சுவரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே நேரம் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும். எது குற்றவாளி என்று கண்டுபிடிக்கவே முடியாது. சன்ஷேடும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு விரிசல் இருந்தாலும் ஈரம் ஜன்னல் மூலையில்தான் வந்து நிற்கும். பழி மட்டும் ஜன்னல் மேல் விழும்.

சந்துக்கு வெறும் சிமென்டோ வெள்ளை சிமென்டோ வைத்திருந்தால் அது நிற்காது. 2 மீட்டர் நீளமுள்ள பிரேம் 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 4 மி.மீ. அளவுக்கு நீண்டு சுருங்கும். சிமென்ட் அதோடு சேர்ந்து நகராது, பிளந்துகொள்ளும். அந்த இடத்துக்கு இழுவை உள்ள, வெளிப்புறத்துக்கான சீலன்ட் வேண்டும். பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, காய்ந்த சந்தில் வையுங்கள். பழசு மேல் புதுசு பூசுவது காசுக்குத்தான் கேடு. கீழ்ப் பக்கம் அடைக்கும்போது வடிதுளையின் வாயையும் சேர்த்து மூடிவிடாதபடி பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளித்துளையிலிருந்து பழுப்பு நிறத்தில் கறை வழிகிறது. பிளாஸ்டிக் ஜன்னல் எப்படித் துருப்பிடிக்கும்?

பிளாஸ்டிக்குக்குள் ஸ்டீல் பட்டை செருகியிருப்பார்கள், பலத்துக்காக. அது இருக்கும் அறை வேறு, தண்ணீர் போகும் அறை வேறு. துளை வெட்டும்போது டிரில் ஆழமாகப் போய் ஸ்டீல் அறையையும் தொட்டிருந்தால் தண்ணீர் அங்கே தேங்கி இரும்பைத் தின்னும். ரோலர், திருகு இவற்றின் துருவும் இப்படி வழியலாம். அதனால் முதலில் ஷட்டரைக் கழற்றி அவற்றைப் பாருங்கள். அவை சுத்தமாக இருந்தால் ஜன்னல் செய்துகொடுத்தவரைக் கூப்பிட்டு, துளை எந்த அறைக்குப் போகிறது என்று அந்த பிரேமின் வெட்டுத் துண்டை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வடிகால் போதவில்லை என்று நீங்களே கூடுதல் துளை போட வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதனால்தான்.

கேள்வி: மழையே இல்லை. காலையில் எழுந்தால் கண்ணாடி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். அது வழிந்து ட்ராக்கில் சேர்ந்து, கறுப்பாகப் பூஞ்சையும் பிடிக்கிறது. ஜன்னல் எங்கே ஒழுகுகிறது?

எங்கும் ஒழுகவில்லை. அது உங்கள் அறைக் காற்றில் இருந்த ஈரம். விரலால் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். உள்பக்கம் விரல் கோடு விழுந்தால் ஈரம் அறையினுடையது. வெளிப்பக்கம் விழுந்தால் வெளிக்காற்றினுடையது. இரவு முழுக்க ஏ.சி. ஓடிய அறைகளில் இது சகஜம், வெயில் ஏறினால் போய்விடும். இரண்டு பக்கமும் துடைத்தும் மூட்டம் போகவில்லையென்றால் அது இரட்டைக் கண்ணாடியின் நடுவில் இருக்கிறது.

உங்களுடையது முதல் வகை. 25 டிகிரி அறையில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், கண்ணாடி சுமார் 14 டிகிரிக்குக் குளிர்ந்தால்தான் நீர் படியும். அதே அறையில் ஈரப்பதம் 80 சதவீதம் ஆகிவிட்டால் 21 டிகிரியிலேயே படியத் தொடங்கும். அதாவது கண்ணாடி கொஞ்சம் குளிர்ந்தாலே போதும். ஒரு சிறிய ஈரப்பத மானி வாங்கி அறையில் வையுங்கள். அறைக்குள் துணி காயப்போடுவது, சமைக்கும்போதும் குளிக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடாமல் விடுவது, ஜன்னலை ஒட்டிக் கனத்த திரையை இழுத்துவிட்டுத் தூங்குவது, இவை ஒவ்வொன்றும் அந்த எண்ணை ஏற்றும் அல்லது கண்ணாடியை மேலும் குளிரவைக்கும். கதவைச் சாத்தி நான்கு பேர் தூங்கினால் மூச்சுக் காற்றின் ஈரமே போதும். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டு, காலையில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பூஞ்சையை மென்மையான சோப்புத் தண்ணீரில் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், யு.பி.வி.சி.யின் மேற்பரப்பு கெட்டுவிடும். கறுத்துப் போய் நாற்றம் அடிக்கும் பிரஷ் பட்டையைத் தேய்த்துக்கொண்டிருப்பதைவிட மாற்றிவிடுவது மேல். பள்ளத்தில் பிடித்து இழுத்தால் வந்துவிடும், அதே அகல உயரத்தில் புதியதைச் செருகிவிடலாம்.

கேள்வி: இரட்டைக் கண்ணாடியின் நடுவே பனி மூட்டம். மொத்த ஜன்னலையும் மாற்ற வேண்டும் என்கிறார்களே?

தேவையில்லை. ஓரத்தில் உள்ள சீல் விட்டுப்போய் ஈரம் புகுந்திருக்கிறது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஓரமாக ஓடும் இடைப்பட்டைக்குள் ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் மணிகளும் நிறைந்துவிட்டன. கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றினால் போதும், கண்ணாடியைப் பிடித்திருக்கும் ஓரப் பட்டையான பீடிங்கைக் கழற்றி மாற்றிவிடலாம். ஆனால் மாற்றும்போது ஷட்டரின் அடிப்பள்ளத்தைப் பாருங்கள். கண்ணாடி நேராகப் பள்ளத்தில் உட்காராமல் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகள் மேல் நிற்க வேண்டும். அந்தப் பள்ளத்துக்கும் வடிதுளை உண்டு. கட்டை நழுவியோ துளை அடைபட்டோ கண்ணாடியின் ஓரம் தண்ணீரிலேயே ஊறிக்கொண்டிருந்தால் சீல் கெடும். அதைச் சரிசெய்யாமல் புதுக் கண்ணாடி மாட்டினால் இன்னொரு முறை இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

கேள்வி: வடிதுளை வழியாக எறும்பு வருகிறது. பஞ்சு வைக்கலாமா?

கூடாது. பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாக்கு உள்ள மூடி விழுந்திருந்தால் புதிது மாட்டுங்கள்.

கேள்வி: வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம். ஜன்னலில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, நல்ல வேளை முன்கூட்டியே கேட்டீர்கள். பட்டி பார்ப்பதற்கு முன்பு ஒவ்வொரு வெளித்துளையின் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் எத்தனை துளை இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அத்தனை டேப்பும் திரும்ப வந்தாக வேண்டும். விரிசல் அடைக்கிறேன் என்று பிரேமின் கீழ் ஓரம் முழுக்க ஒரே கோடாக சீலன்ட் இழுத்துவிட்டுப் போவார்கள், அதை அங்கேயே நிறுத்துங்கள். சாரம் பிரிப்பதற்கு முன்பு, வேலை செய்தவர் கூட இருக்கும்போதே, எல்லா ட்ராக்கிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வடியாத ஜன்னலை அவரே அந்தச் சாரத்தில் நின்று சரிசெய்துவிடுவார். சாரம் இறங்கிய பிறகு மாடி ஜன்னலின் வெளித்துளையை எட்டவே முடியாது.